நான் எழுதிய ஏழு நிமிட இருட்டு

1.

இந்தக் கதைக்குக் காரணம் பொறாமை. என் எழுத்தின் மேல் எனக்கே வந்த பொறாமை.

இருபத்திரண்டு வருஷமாக எழுதுகிறேன். மூன்று கவிதைத் தொகுதி, ஒரு சிறுகதைத் தொகுதி. அச்சடித்த பிரதிகளில் முக்கால்வாசி எங்கள் வீட்டு அலுமாரிக்கு மேல் பத்திரமாக இருக்கின்றன. அவற்றில் ஒரு வரியையாவது யாரும் நம்பியதாகத் தெரியவில்லை. காதல் கவிதைகளை என் மனைவியே நம்பவில்லை. ஆனால் ஒரு திங்கட்கிழமை காலை, முக்கால் மணி நேரத்தில் நான் எழுதிக்கொடுத்த ஒரு பக்க நோட்டீஸைக் கற்பிட்டியிலிருந்து மதுரங்குளிவரை நம்பினார்கள். இன்றும் நம்புகிறார்கள். நானே வேண்டாம் என்றாலும் விடமாட்டேன் என்கிறார்கள்.

அந்த நோட்டீஸ் முழுப் பொய்.

அதைப் பற்றிக் கதை எழுத உட்கார்ந்து, மூன்று ஆரம்பங்களைக் கெடுத்துவிட்டேன்.

ஆரம்பம் ஒன்று: "களப்பின் மேல் சூரியன் இரத்தச் சிவப்பாய்ச் சரிந்துகொண்டிருந்த அந்த மாலையில்..." (நிறுத்தினேன். அன்று நான் சூரியனைப் பார்க்கவே இல்லை. போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

ஆரம்பம் இரண்டு: "ஜனநாயகம் என்பது" (வசனத்தை எப்படி முடிப்பது என்று தெரியவில்லை. இரண்டு நாள் பார்த்தேன்.)

ஆரம்பம் மூன்று: "சுஹைர் ஒரு நல்ல மனிதர்." (இதில் வேறு பிரச்சினை இருக்கிறது. நான்காம் பகுதியில் சொல்கிறேன்.)

2.

எத்தாளைக்கு அப்பால் கண்டல்முனை என்று ஓர் ஊரை உண்டாக்கியிருக்கிறேன். தேடிப் போகாதீர்கள். யுத்தம் முடிந்து ஒன்பது வருஷத்துக்குப் பிறகு, வட்டாரமுறையில் பிரதேச சபைக்குத் தேர்தல் வந்தது. கண்டல்முனை வட்டாரத்தில் எங்கள் கட்சி சுஹைரை நிறுத்தியது. தண்ணீர் மோட்டாரும் குழாயும் விற்கிற கடைக்காரர். வெங்காயத் தோட்டக்காரர்கள் எல்லோரும் அவருக்குப் பழக்கம்.

கட்சியின் சின்னம் நண்டு என்று வைத்துக்கொள்வோம். உண்மைச் சின்னத்தைப் போட்டால் என் மேல் வழக்கு வரும். கட்சித் தலைவர் புத்தளத்தில் இருக்கிறார். அவருக்குப் பெயர் வைக்கப்போவதில்லை. வைத்தால் சந்தோஷப்படுவார்.

நான் கட்சியின் கவிஞர். கல்யாண வாழ்த்து, மரண அறிவித்தல், மேடைப் பேச்சு எல்லாம் என் கைதான். அந்தத் தேர்தலுக்கு நான் எழுதிய சுலோகம் கொஞ்சம் பிரபலம்:

பிஸ்மியைப் போடு!
நண்டுக்குப் புள்ளடி போடு!

மோனையைக் கவனித்தீர்களா? பி, பு. துண்டுப்பிரசுரத்தில் போட்டோம், ஆட்டோ ஒலிபெருக்கியில் போட்டோம். அலீமா லாத்தாவின் வீட்டு முற்றத்தில் நாற்பது ஐம்பது பெண்களைக் கூட்டி வைத்து, சுஹைர் அதைப் பாட்டு மாதிரி மூன்று தடவை சொல்லிக்கொடுத்தார். பெண்கள் திருப்பிச் சொன்னார்கள். நான் பின்வரிசையில் நின்று என் இலக்கியம் மக்களைச் சென்றடைவதைப் பார்த்துப் பூரித்துப்போனேன்.*

* அடிக்குறிப்பு: வெளியூர் வாசகருக்காக. பிஸ்மி என்றால் எதைத் தொடங்கும்போதும் இறைவன் பெயரைச் சொல்வது. வாயால் சொல்வது. புள்ளடி என்றால் வாக்குச் சீட்டில் போடுகிற பெருக்கல் குறி. லாத்தா என்றால் அக்கா. 'போடு' என்றால் என்ன என்பதை அப்போது நான் யோசிக்கவில்லை. தமிழில் எனக்குச் சிறப்புப் பட்டம் இருக்கிறது.

சுஹைர் பத்தொன்பது வாக்குகளால் தோற்றார்.

3.

அந்த முறையில் வாக்களிப்பு நிலையத்திலேயே பின்னேரம் எண்ணிவிடுவார்கள். கண்டல்முனைப் பள்ளிக்கூட மண்டபத்தில் தலைமை அலுவலராக இருந்தவர் இராஜேஸ்வரி டீச்சர். வேறு ஊர்ப் பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். சண்டை நேரம் கிளிநொச்சிப் பக்கமிருந்து இடம்பெயர்ந்து வந்து, இங்கேயே தங்கி, இருபத்தாறு வருஷமாக எங்கள் பிள்ளைகளுக்குப் பின்னக் கணக்கு விளங்கவைக்கப் பார்க்கிறார். அவர் வாசித்த முடிவில் நிராகரிக்கப்பட்ட வாக்குகள் நாற்பத்துநான்கு.

திங்கட்கிழமை காலை தலைவர் என்னைக் கூப்பிட்டார்.

"நாப்பத்துநாலு சீட்டக் கழிச்சிரிக்காங்க கவிஞர். பத்தொன்பதால தோத்திரிக்கோம். இதுக்குள்ள என்ன நடந்திரிக்கும்?"

"தெரியாது ஹாஜியார்."

"தெரியாட்டித்தான் ஒங்களக் கூப்பிட்டது. எழுதுங்க."

எழுதினேன். முதல் வரைவு சப்பென்று இருந்தது. கள்ளம் நடந்தது, அநியாயம், மக்கள் தீர்ப்பு என்று எல்லாக் கட்சியும் எழுதுவதுதான். கள்ளம் நடக்க ஒரு நேரம் வேண்டும், ஒரு வழி வேண்டும். மண்டபத்தில் இருபது பேர் இருக்கும்போது யார் எப்படிச் சீட்டை மாற்றுவது? அந்த இடத்தில்தான் எனக்குள் இருக்கும் கலைஞன் எழும்பினான். அவனை அன்று யாராவது பிடித்து இருத்தியிருக்கலாம்.

"மாலை ஆறு பத்து. வாக்கெண்ணும் மண்டபம். திடீரென இருள்! ஏழு நிமிடங்கள்! மீண்டும் வெளிச்சம் வந்தபோது மக்களின் தீர்ப்பு மாறியிருந்தது. கணக்கு ஆசிரியைக்குக் கழித்தலும் நன்றாகத் தெரியும் என்பதை அன்று கண்டோம்."

அன்று மின்சாரம் நிற்கவில்லை. ஒரு விநாடிகூட.

தலைவர் வாசித்துவிட்டு என்னைக் கட்டிப்பிடித்தார். மத்தியானம் வட்ஸ்அப்பில் போனது, மறுநாள் அச்சில் வந்தது. புதன்கிழமை கற்பிட்டிச் சந்தியில் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருந்தபோது பக்கத்து மேசைக்காரர் என்னிடமே சொன்னார்: "நான் அந்த நேரம் பள்ளிக்கூட வேலிக்குப் பக்கத்துல நிண்ட. சட்டெண்டு கும்மிருட்டு. நாய் குலைச்சது." நாயை நான் எழுதவில்லை. அது அவருடைய பங்களிப்பு.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது, எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக ஒரு வாசகர்.

4.

சுஹைரைப் பற்றிய பிரச்சினை இதுதான்: இனி வரும் பகுதிகளில் அவர் நல்லவராக நடக்கப்போகிறார். அரசியல்வாதி நல்லவராக நடந்தால் வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். ஆகவே அவருடைய சில குறைகளையும் எழுதிவைக்கிறேன். என் நோட்டீஸை அவரே மூன்று குழுக்களுக்கு அனுப்பினார். "ஏழு நிமிஷம் எண்டது சோக்கான வேல கவிஞர்" என்று எனக்குக் குரல் செய்தியும் போட்டார். தோற்றவர்களுக்கு அது நல்ல மருந்து. ஐந்து நாள் அந்த மருந்தைக் குடித்துக்கொண்டு நிம்மதியாக இருந்தார்.

ஆறாம் நாள் அலீமா லாத்தா அவருடைய கடைக்கு வந்தார். குழாய்க்கு மூடி வாங்க. நானும் கடையில் இருந்தேன்.

"தம்பி, நான் ஒங்களுக்கு ஒரு கொறயும் வெக்கல்ல," என்றார். "நீங்க சொல்லித்தந்த மாதிரியே, தாளுட தலையில முதல்ல பிஸ்மியப் போட்ட. அதுக்குப் பொறகுதான் நண்டுக்குப் புள்ளடி போட்ட. மருமவளுக்கும் சொல்லி அனுப்பின. எப்பிடித் தம்பி தோத்த?"

சுஹைர் கையிலிருந்த மூடியை மேசையில் வைத்தார்.

"பிஸ்மியப் போட்டண்டா? வாயாலயா லாத்தா?"

"வாயாலயும் சொன்ன. தாள்லயும் போட்ட. 786 எண்டு. நல்ல முத்து முத்தா எழுதின."

எங்கள் பக்கத்தில் கடிதமோ கொப்பியோ எழுதினால் தாளின் தலையில் 786 போடுவது பழைய வழக்கம். பிஸ்மிக்குப் பதில் அந்த எண். அது சரியா பிழையா என்று பள்ளிவாசலில் ஒரு சண்டை இருக்கிறது, அதற்குள் நான் போகவில்லை. வாக்குச் சீட்டில் புள்ளடியைத் தவிர ஏதாவது எழுதினால் அந்த வாக்குச் செல்லாது.

லாத்தா போன பிறகு சுஹைர் கடையைப் பூட்டிவிட்டு, அந்தக் கூட்டத்துக்கு வந்த வேறு ஒன்பது வீடுகளுக்குப் போனார். ஏழு வீட்டில் 786. திரும்பி வந்து என் முன்னால் கதிரையைப் போட்டு உட்கார்ந்தார்.

"கவிஞர், எங்கட வாக்க ஆரும் களவெடுக்கல்ல. நீங்களும் நானும் சேந்துதான் கழிச்சிரிக்கோம்."

(இந்த இடத்தில் ஒரு நீண்ட மௌனம் எழுதியிருந்தேன். காற்று, தூரத்துப் படகு இயந்திரம் எல்லாம் வைத்து. வெட்டிவிட்டேன். உண்மையில் நான் உடனே வாய் திறந்து, "மோனைக்காகத்தான் போட்ட" என்று சொன்னேன்.)

5.

மண்டபத்துக்குள் நடந்ததை ஃபாஹிம் வாயாலேயே கேட்டோம். ஃபாஹிம் சுஹைருடைய மச்சான். எங்கள் கட்சியின் வாக்கெண்ணும் முகவராக உள்ளே இருந்தவர்.

எண்ணத் தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் தலையில் 786 எழுதிய சீட்டு ஒன்று வந்திருக்கிறது. புள்ளடி எதிர்க்கட்சிக்கு. (எதிர்க்கட்சிக்காரர் வீட்டுப் பெண் ஒருவரும் எங்கள் ஒலிபெருக்கியைக் கேட்டிருக்க வேண்டும்.) ஃபாஹிம் பாய்ந்து எழும்பினார். "டீச்சர், இதுல அடையாளம் இரிக்கி! செல்லாது! எழுதி வைங்க!" டீச்சர் சட்டப் புத்தகத்தைப் பார்த்தார், ஓம் செல்லாது என்று ஒரு பக்கமாக வைத்தார். எதிர்க்கட்சி முகவர் முணுமுணுத்தார். ஃபாஹிம் வெற்றிச் சிரிப்புச் சிரித்தார்.

அதற்குப் பிறகு வந்த முப்பத்தொரு 786-ம் நண்டுக்குப் போட்டவை.

"நான் என்ன செய்யிற?" என்றார் ஃபாஹிம். "ரெண்டாவது சீட்டு வந்தோடன சொன்னன், டீச்சர் இது வெறும் பிஸ்மிதானே எண்டு. அவ சொன்னா, முதல் சீட்டுக்கு நீங்கதானே தம்பி சட்டம் சொன்னனீங்கள் எண்டு. கடைசியாக் கையெழுத்தும் வெச்சுக் குடுத்தன்."

"லைட் போனதா?" என்று சுஹைர் கேட்டார்.

"லைட்டா? இல்லியே."

இதை நன்றாக ஞாபகம் வைத்திருங்கள். அன்று கடையில், என் காதுபட, ஃபாஹிம் இல்லை என்றார்.

6.

தலைவர் அடுத்த கிழமை பத்திரிகையாளர்களைக் கூப்பிட்டார். பதாகை கட்டி, ஐந்து நிருபர்கள். அதில் இரண்டு பேர் எங்கள் ஆட்கள். சபையில் கட்சிக்கு ஒரு போனஸ் ஆசனம் வந்திருந்தது. தோற்ற வேட்பாளர் ஒருவருக்குக் கொடுக்கலாம். அது சுஹைருக்குத்தான் என்று முதல்நாளே பேச்சு. அவர் செய்ய வேண்டியது, பக்கத்தில் உட்கார்ந்து தலையாட்டுவது மட்டும்.

சுஹைர் ஒலிவாங்கியை இழுத்தார்.

"நான் தோத்துட்டன். கள்ளம் ஒண்டும் நடக்கல்ல. எங்கட ஆக்கள் சீட்டுல 786 போட்டிரிக்காங்க, அதால செல்லாமப் போயிரிச்சி. பிஸ்மியப் போடுங்க எண்டு சொல்லிக்குடுத்ததும் நான்தான். அந்த டீச்சரில ஒரு பிழையும் இல்ல. கட்சி எழுதின நோட்டீஸ நான் ஏத்துக்கல்ல."

தலைவர் முகத்தில் இருந்த சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. எங்கள் ஆட்களில் ஒரு நிருபர்தான் முதலில் சுதாரித்தார்.

"அப்ப அந்த ஏழு நிமிஷம்?"

"லைட் போகல்ல."

"நீங்க மண்டபத்துக்குள்ள இருந்தீங்களா?"

"இல்ல."

"உள்ளுக்கு இருந்தவர் ஃபாஹிம். அவர் என்ன சொல்றார்?"

எல்லோரும் ஃபாஹிமைப் பார்த்தார்கள். ஃபாஹிம் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஒலிவாங்கியை ஃபாஹிம் பக்கம் மெதுவாகத் தள்ளிவிட்டார்.

"போனதுதான்," என்றார் ஃபாஹிம். "நான் இருட்டுல கதிரையத் தடவிப் புடிச்சிட்டு நிண்டன்."

போனஸ் ஆசனம் ஃபாஹிமுக்குப் போனது.

ஃபாஹிம் அப்படிச் சொன்னபோது சுஹைர் என்னைத் திரும்பிப் பார்த்தார். ஒரே ஒரு தடவை. சுலோகத்தை எழுதியவன் நான், இருட்டை எழுதியவன் நான் என்று அவருக்குத் தெரியும். என் பெயரை அவர் சொல்லவில்லை. நான் எழும்பி, "மின்சாரம் நிற்கவில்லை, அது என் கற்பனை" என்று சொல்லியிருக்கலாம். ஒன்பது சொல் இல்லை, பத்துச் சொல் இல்லை, ஐந்தாறு சொல்தான். நான் பதாகையின் கயிறு தளர்ந்திருக்கிறது என்று கண்டுபிடித்து அதை இறுக்கக் கட்டினேன்.

அன்று பின்னேரம் முகநூலில் சுஹைருக்கு 'விலைபோனவர்' என்று பட்டம் கிடைத்தது. அந்தச் சொல்லும் என் பழைய நோட்டீஸ் ஒன்றிலிருந்துதான்.

7.

கட்சி, தேர்தல் அதிகாரிகளிடம் முறைப்பாடு செய்தது. இராஜேஸ்வரி டீச்சரை விசாரணை முடியும்வரை பள்ளிக்கூடத்துக்கு வரவேண்டாம் என்றார்கள். அவருடைய மதிலில் யாரோ கரியால் 'வாக்குக் கள்ளி' என்று எழுதினார்கள். ஓய்வுக்கு இன்னும் நாலு வருஷம் இருந்தது.

இந்தக் கதைக்குத் தகவல் திரட்டுவதற்காக (அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்) போன ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அவர் வீட்டுக்குப் போனேன். மதிலைக் கழுவியிருந்தார்கள். முழுதாகப் போகவில்லை.

"வாங்கோ," என்றார். "ஆர் நீங்கள்?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு நாலு வசனம் ஆயத்தமாகக் கொண்டுபோயிருந்தேன். அவர் கேட்டது வேறு.

"ஏழு நிமிசம் எண்டு ஏன் போட்டனீங்கள்?"

"பத்துண்டா நம்ப மாட்டாங்க டீச்சர். அஞ்சுண்டா ஆரும் கணக்கெடுக்க மாட்டாங்க."

"பகா எண்," என்றார். "எதாலையும் பிரிக்க ஏலாது. நல்லாத்தான் பாத்து எடுத்திருக்கிறியள்."

பாராட்டு என்று ஒரு கணம் நினைத்துவிட்டேன். எழுத்தாளனுடைய புத்தி அப்படி.

"வியாழக்கிழமை ஒன்பது மணிக்குப் புத்தளத்தில விசாரணை," என்றார். "ஃபாஹிமும் இன்னும் எட்டுப் பேரும் லைட் போனது எண்டு சத்தியம் பண்ணியிருக்கினம். அவையள் பொய் சொல்லுகினம் எண்டுகூட எனக்குச் சொல்லத் தெரியேல்ல. அரைவாசிப் பேர் உண்மையா நம்புகினம். என்னோட கடமைக்கு வந்தவை லைட் போகேல்ல எண்டால், அவை டீச்சரின்ட ஆக்கள் எண்டுகினம். சுஹைர் தம்பி வந்து சொல்லுறன் எண்டவர். ஆனால் அவர் உள்ளுக்கு இருக்கேல்ல."

"நான் எல்லாத்தையும் எழுதப்போறன் டீச்சர். ஒரு கதையா. ஒண்டையும் ஒளிக்காம."

அப்போதுதான் அவருக்குக் கோபம் வந்தது. சத்தம் போடவில்லை. கொப்பியில் பிழை விட்ட பிள்ளையோடு பேசுவதுபோல் பேசினார்.

"கதை எழுதாதேங்கோ. கதையில நீங்கள் உண்மையச் சொன்னால் சனம் என்ன சொல்லும்? நல்ல கற்பனை எண்டு சொல்லும். நீங்களும் பரிசு வாங்குவியள். எனக்கு அந்த அறையில வந்து ஒரு வசனம் சொல்லுங்கோ. லைட் போகேல்ல, அதை எழுதினது நான். அவ்வளவுதான். கையெழுத்தையும் வையுங்கோ."

வருகிறேன் என்றும் சொல்லாமல் வரமாட்டேன் என்றும் சொல்லாமல், தேத்தண்ணிக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

8.

இன்று புதன்கிழமை, மத்தியானம். முடிவு எழுதவேண்டிய நேரம். மூன்று வைத்திருக்கிறேன்.

முடிவு அ: விசாரணை அறையில் ஃபாஹிம் சத்தியம் பண்ணக் கையை உயர்த்துகிறார், குரல் தழுதழுக்கிறது, டீச்சரின் காலடியில் (வேண்டாம். ஃபாஹிமைத் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள். போன வெள்ளிக்கிழமை சபைக்குப் போட்டுப்போகப் புதுச் சேர்ட் தைத்தார்.)

முடிவு ஆ: விசாரணையின் நடுவில் உண்மையாகவே மின்சாரம் நிற்கிறது. எல்லோரும் இருட்டில் (மிக அழகான முடிவு. எழுதும்போது எனக்குப் புல்லரித்தது. நோட்டீஸ் எழுதிய அன்றும் இப்படித்தான் புல்லரித்தது. ஆகவே கிழித்துவிட்டேன்.)

முடிவு இ: நான் போகிறேன்.

மூன்றாவதை எழுத எனக்கு நன்றாகத் தெரியும். காலை ஏழு மணி பஸ், ஜன்னலோரச் சீட், மடியில் அந்த நோட்டீஸ். அறையின் திரைச்சீலை என்ன நிறம், தலைவர் என்னைப் பார்த்து எப்படிப் பல்லைக் கடித்தார், சுஹைர் எப்படி நகர்ந்து எனக்கு இடம் தந்தார், டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தது எல்லாம் எழுதுவேன். உங்கள் கண் கலங்கும். நம்புவீர்கள். என் எழுத்துக்கு இப்போது அந்தப் பலம் வந்துவிட்டது, அதுதான் பயமாக இருக்கிறது. ஒரு மனுஷன் திருந்திவிட்டான் என்று நீங்கள் திருப்தியாகப் புத்தகத்தை மூடும்போது நான் வீட்டில் சாரத்தைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கலாம். டீச்சர் அந்த அறையில் தனியாக இருப்பார்.

போனால் என்ன ஆகும் என்றும் தெரியும். கட்சிக்காரர் என்னை விடமாட்டார்கள். இனி ஒரு கல்யாண வாழ்த்துக்கும் யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்குப் பயம்தான். இதைச் சொல்லாமல் விட்டால் மற்றதெல்லாம் சொன்னதில் பிரயோசனமில்லை.

ஆகவே முடிவை என்னிடம் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஒரு தடவை வாங்கியவர்களுடைய கதியைப் பார்த்தீர்கள். வரும் திங்கட்கிழமை யாராவது டீச்சருடைய பள்ளிக்கூடத்துக்குப் போய், முதலாம் பாடநேரத்தில், எட்டாம் வகுப்பு ஜன்னலால் எட்டிப் பாருங்கள். கணித பாடம். கரும்பலகைக்கு முன்னால் இராஜேஸ்வரி டீச்சர் நின்றால், நான் போயிருக்கிறேன்.

வேறு யாராவது நின்றால், வியாழக்கிழமை ஒன்பது மணிக்கு நான் இந்தக் கதையைத் திருத்திக்கொண்டிருந்தேன்.